வண்டியை எவ்வளவு உயர்த்தலாம்?

சைடு-பை-சைடு வண்டி வாங்கியவர்கள் அனைவரும் சில மாதங்களுக்குள் கேட்கத் தொடங்கும் கேள்வி, இதை இன்னும் இரண்டு மூன்று அங்குலம் உயர்த்த முடியாதா என்பதுதான். இருவர் அருகருகே அமர்ந்து, கார்போல ஸ்டியரிங் பிடித்து, தலைக்கு மேல் இரும்புக் கூண்டோடு காட்டுப் பாதைகளில் ஓட்டும் இந்த வண்டிகள் சாலைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆகவே பாறையிலும் சேற்றுத் தடத்திலும் அடிப்பகுதி உரசும்போது, வாங்கிய பொருள் தன் வேலையைச் செய்யவில்லை என்ற எரிச்சல் வருவது இயல்பே. நான் வசிக்கும் கிழக்கு டென்னசியில் ஆலிவர் ஸ்பிரிங்ஸ் அருகே விண்ட்ராக் பூங்கா இருக்கிறது. ஒரு காலத்தில் நிலக்கரி வெட்டிய மலைகளின் மேல் 70,000 ஏக்கருக்கும் கூடுதலாகப் பரந்து கிடக்கும் தனியார் இடம் அது. மழைநீர் அரித்த பள்ளங்களும், படிக்கட்டாகத் துருத்தி நிற்கும் பாறை விளிம்புகளும், நனைந்தால் வழுக்கும் செம்மண்ணும் அங்கே ஒன்றாகக் கிடைக்கும். என்னிடம் இருப்பது நடுத்தர அளவுள்ள பொலாரிஸ் ரேஞ்சர் 570. 44 குதிரைத்திறன், 25 அங்குல டயர், முன், பின் சக்கரங்களின் மையங்களுக்கு இடையே 73 அங்குல தூரம் (வீல்பேஸ்), தரைக்கும் அடிப்பகுதிக்கும் இடையே நிறுவனக் கணக்கின்படி 10 அங்குல இடைவெளி (கிரவுண்ட் கிளியரன்ஸ்). அதன் அண்ணனான ரேஞ்சர் எக்ஸ்.பி. 1000 வண்டிக்கு 13 அங்குலம் என்பதால், அதைப் பின்தொடர்ந்து ஏறும் போதெல்லாம் என் வண்டியின் வயிற்றிலிருந்துதான் சத்தம் கேட்கும்.

நிறுவனங்கள் அச்சிடும் கிளியரன்ஸ் எண்ணை நான் பெரிதாக நம்புவதில்லை. பொய் சொல்கிறார்கள் என்பதற்காக அல்ல. ஆளில்லாத, சுமையில்லாத வண்டியை, டயரில் சரியான காற்றோடு, சமதரையில் நிறுத்தி அளந்த எண் அது. இரண்டு பேர் ஏறி, பின்தட்டில் ஐஸ் பெட்டியும் கருவிப் பெட்டியும் கயிறும் வைத்து, டாங்கியில் பெட்ரோல் நிரப்பிவிட்டால் ஸ்பிரிங்குகள் அமுங்கிவிடுகின்றன. என் வண்டியில் அப்படி இழந்த உயரம் ஏறக்குறைய இரண்டு அங்குலம். உயர்த்தும் பொருள்களுக்குப் பணம் செலவழிக்கும் முன், வழக்கமாக ஏற்றும் சுமையை முழுவதும் ஏற்றி, வழக்கமாக வருபவரையும் உட்கார வைத்து, சிமென்ட் தரையில் வண்டியைச் சிறிது முன்னும் பின்னும் உருட்டி நிறுத்தி, அடியில் மிகத் தாழ்ந்த இடத்தை டேப் வைத்து அளந்துகொள்ள வேண்டும். உங்களுக்கு உண்மையில் இருப்பது அந்த எண்தான்.

அந்த எண்ணும் முழுக் கதையைச் சொல்வதில்லை. மேட்டின் உச்சியைக் கடக்கும்போது நடுவயிறு தட்டுமா என்பது உயரத்தோடு வீல்பேஸையும் பொறுத்தது. சக்கரங்கள் தரையைத் தொடும் புள்ளிகளிலிருந்து வயிற்றின் நடுவுக்குக் கோடு இழுத்து எளிய கணக்குப் போட்டால், 73 அங்குல வீல்பேஸும் 10 அங்குல உயரமும் கொண்ட என் வண்டி கடக்கக்கூடிய முகட்டின் கோணம் சுமார் 30 டிகிரி. 81 அங்குல வீல்பேஸும் 13 அங்குல உயரமும் உள்ள எக்ஸ்.பி. 1000 வண்டிக்கு அது 35 டிகிரியைத் தாண்டுகிறது. அதே வண்டியின் இரட்டை வரிசை இருக்கை கொண்ட க்ரூ வகையின் வீல்பேஸ் 113 அங்குலம். உயரம் அதே 13 அங்குலமாக இருந்தாலும் கோணம் 26 டிகிரியாகச் சுருங்கிவிடுகிறது. நான் பொறாமைப்பட்ட 13 அங்குலம், நீளம் கூடியவுடன் என் 10 அங்குலத்தைவிடக் கீழே போய்விடுகிறது. குடும்பத்தோடு போவதற்காக நீண்ட வண்டி வாங்கியவர்கள், எல்லா மேட்டிலும் தட்டுகிறது என்று குறைப்படுவதன் காரணம் இதுதான். அவர்களுக்கு உயரத்தைவிட வயிற்றுக்கு அடியில் நல்ல தகடு அதிகம் உதவும்.

எங்கே இடிக்கிறது என்று தெரியாமல் உயர்த்துவதில் பொருளில்லை. இதற்கு நான் கண்ட எளிய வழி, வண்டியை நன்றாகக் கழுவிக் காயவைத்து, ஜாக்கியில் தூக்கித் தாங்கிகள் மேல் நிறுத்திவிட்டு, அடிப்பகுதி முழுவதும் மலிவான வெள்ளை ஸ்பிரே பெயின்ட் அடிப்பது. பிறகு வழக்கமான பாதையில் ஒரு நாள் ஓட்டிவிட்டு வந்து, சேற்றைக் கழுவி, கீழே படுத்து விளக்கடித்துப் பார்த்தால் வண்டியே வரைந்த வரைபடம் கிடைக்கும். என் வண்டியில் நடுவயிற்றில் சில நீண்ட கீறல்கள் மட்டுமே இருந்தன. பின்சக்கரங்களைத் தாங்கும் கீழ் ஏ-ஆர்ம் குழாய்களில், சேஸிக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு கை அகலத்துக்குப் பெயின்ட் சுத்தமாகப் போய், இரும்பு பளபளவென்று தெரிந்தது. அடிப்பகுதியைக் காக்கும் ஸ்கிட் பிளேட் என்ற தகட்டின், பின்பக்கத்தில் உள்ளதன் முன்விளிம்பு, இரண்டு போல்ட்டுகளுக்கு இடையே மேல்நோக்கி மடங்கி, அதற்குள் கூழாங்கல் ஒன்று சிக்கியிருந்தது. முன்பக்கம் ஏறக்குறைய அப்படியே வெள்ளையாக இருந்தது. வண்டி முழுவதையும் மூன்று அங்குலம் தூக்கும் கிட் எனக்குத் தேவையில்லை என்பதை அந்தப் பெயின்ட் டப்பாதான் முடிவு செய்தது.

உயர்த்தும் வழிகளில் நேர்மையானது டயர். அச்சு, ஏ-ஆர்ம், கியர் பெட்டி, வயிறு என்று எல்லாவற்றையும் ஒருசேரத் தூக்கும் வழி அதுதான். மற்ற முறைகளில் ஏதாவதொன்று தாழ்விலேயே தங்கிவிடும். ஆனால் விட்டம் கூடுவதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும்: 25 அங்குலத்திலிருந்து 27 அங்குலத்துக்குப் போனால் ஓர் அங்குலம். அந்த ஓர் அங்குலத்துக்கு வண்டி கொடுக்கும் விலையையும் பார்க்க வேண்டும். சக்கரத்தின் சுற்றளவு 8 விழுக்காடு கூடுவதால், கியர் விகிதம் அதே அளவு நீண்டுவிட்டதாக ஆகிறது. இந்த வண்டிகளில் பெரும்பாலானவை ரப்பர் பெல்ட்டில் இயங்கும் தானியங்கி முறையைக் கொண்டவை. நின்ற நிலையிலிருந்து செங்குத்தான ஏற்றத்தில் கனமான டயரை உருட்டத் தொடங்கும்போது, பெல்ட் கப்பியைப் பிடிப்பதற்குப் பதிலாகச் சறுக்கிச் சூடாகிறது. எரிந்த ரப்பர் நாற்றம் வந்துவிட்டால் அந்தப் பெல்ட்டின் ஆயுளில் நல்ல பங்கு போய்விட்டது என்று பொருள். 44 குதிரைத்திறன் உள்ள வண்டியில் இது உடனே தெரியும். ஏற்றத்திலும் சேற்றிலும் லோ கியரைப் போடும் பழக்கம் பாதிச் சிக்கலைத் தீர்க்கும். கிளட்ச்சின் எடைகளையும் ஸ்பிரிங்கையும் புதிய டயருக்கேற்ப மாற்றுவது மீதியைத் தீர்க்கும். ஹோண்டா பயனியர் 1000 போன்ற, பெல்ட்டே இல்லாமல் பல்சக்கரங்களில் ஓடும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த நாற்றக் கவலை இல்லை என்றாலும், இழுவை குறைவது அவர்களுக்கும் உண்டு.

டயரைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள். பின்பக்கம்தான் இடிக்கிறது என்பதற்காகப் பின்டயரை மட்டும் பெரிதாக்கக் கூடாது. பின்சக்கரம் வழுக்கினால் மட்டுமே முன்சக்கரத்துக்கு விசை போகும்படி அமைந்த வண்டிகளில், முன்னும் பின்னும் சுழலும் விகிதம் முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கப்பட்டிருக்கிறது; அதைக் கலைத்தால் முன்சக்கரம் வேண்டிய நேரத்தில் பிடிக்காமலும் வேண்டாத நேரத்தில் பிடித்தும் தொல்லை தரும். மற்றொன்று, டயரின் மேல் அச்சிட்ட அளவும் உண்மையான அளவும் ஒன்றாக இருப்பதில்லை. 27 என்று எழுதிய டயர், ரிம்மில் மாட்டிக் காற்றடித்து வண்டியின் பாரத்தை ஏற்றிய பின் 26 சொச்சம்தான் இருக்கும் என்பது பல வகைகளிலும் கண்டது. வாங்கும் முன் அந்த டயரை ஏற்கெனவே மாட்டியிருப்பவரின் வண்டியை அளந்து பார்ப்பது நல்லது.

அடுத்தது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பரைச் சுற்றியுள்ள ஸ்பிரிங்கின் இருக்கையைத் திருகி இறுக்கினால் வண்டி எழும்பும். அப்படி இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஒரே சீரான ஸ்பிரிங்கின் கடினம் இறுக்குவதால் மாறுவதில்லை; அது தாங்கும் பாரத்துக்கு முன்பைவிட உயர்ந்த இடத்தில் நிற்கும், அவ்வளவுதான். இதிலுள்ள நன்மை, சக்கரம் கீழே தொங்கக்கூடிய எல்லை மாறாமல் இருப்பது. அந்த எல்லையை ஷாக்கின் நீளம் தீர்மானிக்கிறது, இறுக்கம் தீர்மானிப்பதில்லை. தீமையும் அதிலிருந்தே பிறக்கிறது: வண்டி நிற்கும் இடம் அந்த எல்லையை நெருங்குவதால், பள்ளத்தில் சக்கரம் கீழிறங்கித் தரையைத் தேடுவதற்கான இடம் குறைகிறது. அளவுக்கு மீறி இறுக்கிய வண்டியில், சிறு மேட்டில் துள்ளும்போதெல்லாம் ஷாக்குகள் முழுதும் நீண்டு டக்கென்று இடிக்கும் சத்தம் கேட்கும். பின்தட்டில் எப்போதும் பாரம் ஏற்றுபவர்களுக்கு இறுக்குவதைவிடச் சற்றுக் கனமான ஸ்பிரிங் மாற்றுவதே சரி. சுமையால் இழந்த இரண்டு அங்குலத்தில் ஓர் அங்குலத்தை மீட்பதும், புதிதாக ஓர் அங்குலம் உயர்த்துவதும் பாறைக்கு ஒன்றேதான்.

இப்போது கடைகளில் அதிகம் விற்கும் பிராக்கெட் கிட். ஷாக்கின் மேல்முனை சேஸியோடு சேரும் இடத்தில் இரும்புத் துண்டு ஒன்றை வைத்து அந்த முனையைக் கீழே இறக்கிவிடுவதே இதன் வேலை. ஷாக், சக்கரத்துக்கு நேர் மேலே இல்லாமல் ஏ-ஆர்மின் நடுப்பகுதியை ஒட்டி மாட்டப்பட்டிருப்பதால், மேலே ஓர் அங்குலம் இறக்கினால் சக்கரம் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வரை கீழே தள்ளப்படும். விலை குறைவு, ஒரு மாலையில் மாட்டிவிடலாம், படத்தில் வண்டி கம்பீரமாகத் தெரியும். இவ்வளவு மலிவாக எப்படிக் கிடைக்கிறது என்று யோசித்தால் ஆக்ஸில்தான் நினைவுக்கு வர வேண்டும். இந்த வண்டிகளில் கியர் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸிலின் இரு முனைகளிலும், சாய்ந்த கோணத்திலும் சீராகச் சுழலவிடும் சி.வி. ஜாயின்ட் என்ற மூட்டு இருக்கிறது. ஆக்ஸில் 18 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், சக்கரத்தை இரண்டு அங்குலம் தாழ்த்துவது இரு ஜாயின்ட்டுகளின் கோணத்தையும் 6 டிகிரிக்கு மேல் கூட்டிவிடுகிறது. வெளிப்புற ஜாயின்ட்டுக்குள் உள்ள எஃகுக் குண்டுகள் ஒவ்வொரு சுற்றிலும் தத்தம் தடத்தில் முன்னும் பின்னும் நகர்கின்றன. கோணம் கூடக்கூட அவை நகரும் தூரம் கூடுகிறது, அதனால் சூடும் தேய்மானமும் கூடுகின்றன. ஸ்பிரிங்கை இறுக்குவதற்கும் பிராக்கெட்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. பிராக்கெட் வைத்தால் சக்கரம் தொங்கும் எல்லையே கீழே இறங்குகிறது. நிறுவனம் எதிர்பார்க்காத கோணத்தில் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது, ஓட்டுபவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்து, அந்தச் சக்கரம் திடீரென்று பாறையைப் பிடித்தால், உடைவது ஜாயின்ட்தான். அதுவும் வீட்டிலிருந்து வெகு தொலைவில். பிராக்கெட் போடுவதாக இருந்தால் அதற்கேற்ற ஆக்ஸில்களின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். சேர்த்துவிட்டால் அது மலிவான வழியாக இராது.

வளைந்த ஏ-ஆர்ம் பற்றி விற்பனையாளர்கள் சத்தமாகப் பேசுவதில்லை; அது வண்டியை உயரமாகக் காட்டாது என்பது காரணமாக இருக்கலாம். நேரான குழாய்க்குப் பதிலாக நடுவில் மேல்நோக்கி வளைத்த குழாயால் செய்த இந்தக் கைகள், நிற்கும் உயரத்தை மாற்றாமல், ஆக்ஸில் கோணத்தைத் தொடாமல், பாறை வந்து இடிக்கும் அந்த ஒரு கை அகலத்தில் மட்டும் ஓரிரண்டு அங்குலம் விடுவித்துத் தருகின்றன. என் வண்டியில் பெயின்ட் போயிருந்த இடம் இதுவேதான். சில வகைகளில் முன்கை சற்று முன்னோக்கியும் பின்கை பின்னோக்கியும் தள்ளி அமைக்கப்பட்டிருக்கும். பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் இருக்க அது கூடுதல் உதவி.

போர்ட்டல் கியர் வேறு உலகம். ஆக்ஸில் சக்கரத்தின் நடுவுக்கு வராமல் அதற்கு மேலே வந்து சேர, அங்கிருந்து சிறிய கியர் பெட்டி விசையைக் கீழே இறக்கிச் சக்கரத்துக்குத் தருகிறது. ஆக்ஸில் நேராகவே இருக்கும். வண்டி நான்கு, ஆறு அங்குலம் உயரும். கியர் குறைப்பும் அதற்குள்ளேயே நடப்பதால் பெரிய டயரால் இழந்த இழுவை திரும்பக் கிடைக்கும். யோசனை பழையது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஃபோக்ஸ்வாகன் கியூபல்வாகனின் பின்சக்கரங்களில் இது இருந்தது. மெர்சிடிஸ் யூனிமாக் வண்டிகளின் அடையாளமே இதுதான். அமெரிக்க ராணுவத்தின் ஹம்வீ 16 அங்குல உயரத்தில் நிற்பதும் சக்கரத்தில் உள்ள கியர்களால்தான். லூசியானாவிலும் கிழக்கு டெக்ஸஸிலும் இடுப்பளவுச் சேற்றுக்குள் வண்டியை இறக்குபவர்களுக்கு இது பொருந்தும். அங்கே எதிரி ஆழம் மட்டுமே, தரை ஓரளவு மட்டம். ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து ஒவ்வொரு சக்கரத்திலும் கனமான பெட்டியைத் தொங்கவிட்டு, என்னைப்போல மலைச்சரிவில் பக்கவாட்டாகப் போகிறவர் அதை மாட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

பக்கச் சரிவு என்றவுடன் கவிழ்வதைப் பற்றிப் பேசியாக வேண்டும். உயர்த்தும் கிட்டின் அட்டைப்பெட்டியில் சிறிய எழுத்தில் இருக்கும் எச்சரிக்கை இதைப் பற்றியதுதான். இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் வண்டி எவ்வளவு சாய்வைத் தாங்கும் என்று தோராயமாகத் தெரியும். அகலம் 52 அங்குலம், ஆட்களோடு சேர்ந்த ஈர்ப்பு மையம் 26 அங்குல உயரம் என்றால் விகிதம் 1. ஏட்டளவில் 45 டிகிரி. மூன்று அங்குலம் தூக்கினால் 42 டிகிரிக்குக் கீழே போகும். மூன்று டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் டயரும் ஸ்பிரிங்கும் ஒரு பக்கம் அமுங்குவதாலும், திரும்பும் விசையாலும், உள்ளே இருப்பவர் சரிவின் பக்கமே சாய்வதாலும் அந்த 45 ஏற்கெனவே வெகுவாகக் குறைந்திருக்கும். வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டுவண்டி வரப்பில் ஏறும்போது நம் ஊர்களில் ஆள் இறங்கி ஒரு பக்கம் தாங்கிப் பிடிப்பது இந்தக் கணக்கு தெரிந்துதான். இழந்ததை மீட்க வேண்டுமானால், ஓர் அங்குல உயரத்துக்கு மொத்த அகலத்தில் இரண்டு அங்குலம் கூட்ட வேண்டும். மூன்று அங்குலத்துக்கு ஆறு. அதற்காகச் சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்தும் ஸ்பேசர் வைத்தால் வீல் பேரிங்குக்குச் சுமை கூடும், மரங்களுக்கு இடையிலான குறுகிய பாதைகளில் நுழைய முடியாமல் போகும். பொலாரிஸின் முதல் ஆர்.இசட்.ஆர். வண்டி 50 அங்குல அகலத்துக்குள் அடங்கும்படி செய்யப்பட்டதே, வனத்துறைப் பாதைகள் பலவற்றின் எல்லை அதுவாக இருந்ததால்தான்.

இந்தக் கணக்கு ஏட்டோடு நின்றதில்லை. 2009 மார்ச்சில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், யமஹா ரைனோ என்ற சைடு-பை-சைடு வண்டிகள் தொடர்பான 50-க்கும் மேற்பட்ட விபத்துகளையும் அவற்றில் நிகழ்ந்த 46 மரணங்களையும் ஆராய்ந்ததாக அறிவித்தது. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் வண்டி கவிழ்ந்த நிகழ்ச்சிகள். அவற்றில் பலவும் சமதரையில், அதிக வேகமில்லாமல் திரும்பும்போது நேர்ந்தவையாகத் தெரிந்தன. அதன்பின் யமஹா இலவசமாகச் செய்து கொடுத்த திருத்தம் என்னவென்றால், பின்சக்கரங்களில் ஸ்பேசர் வைத்து அகலப்படுத்தியதும், இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைக்கும் கம்பியான பின்பக்க ஆன்ட்டி-ஸ்வே பாரைக் கழற்றியதும்தான். நிறுவனத்தின் உயரத்திலேயே நின்ற வண்டிகளின் கதை இது. அகலத்தைத் தொடாமல் உயரத்தை மட்டும் கூட்டுபவர்கள் அந்தத் திருத்தத்துக்கு நேர் எதிர்த்திசையில் போகிறார்கள்.

என் வண்டியில் நான் செய்தது குறைவு. 27 அங்குல டயர். முழுதாகத் திருப்பும்போது முன்மட்கார்டின் உட்புறம் உரசிய பிளாஸ்டிக்கைச் சிறிது வெட்டினேன். பின்பக்கம் சற்றுக் கனமான ஸ்பிரிங், வளைந்த பின் ஏ-ஆர்ம்கள், வயிற்றுக்கு அடியில் யூ.எச்.எம்.டபிள்யூ. எனப்படும் தடித்த பாலிஎத்திலீன் தகடு. அலுமினியத் தகடு பாறையைக் கவ்விக்கொண்டு நிற்கும். இந்தப் பிளாஸ்டிக் அதன்மேல் வழுக்கிப் போகும். அரை அங்குலத் தகடு அரை அங்குல கிளியரன்ஸைத் தின்றுவிடுவது உண்மைதான், ஆனாலும் அது நல்ல பேரம். சுமையோடு அளந்தால் முன்பைவிட ஒன்றரை அங்குலம்தான் கூடுதல். பக்கத்தில் நிறுத்தினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

எந்த முறையில் உயர்த்தினாலும் பின்வேலைகள் உண்டு. ஏ-ஆர்மின் சாய்வு மாறியவுடன் முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் டோ அளவு மாறிவிடும். சரிசெய்யாவிட்டால் புது டயர் ஓரத்தில் தேயும், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். பிரேக் குழாயில், சக்கரம் முழுதும் தொங்கும்போதும் முழுதும் திரும்பும்போதும் தளர்வு இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் இனிமேல் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும். புதிதாக மாட்டிய நட்டு போல்ட்டுகளை முதல் ஓட்டத்துக்குப் பின் டார்க் ஸ்பேனரால் மீண்டும் இறுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சி.வி. ஜாயின்ட்டை மூடியுள்ள ரப்பர் உறையின் மடிப்புகளை ஒவ்வொரு முறை கழுவும்போதும் விரித்துப் பார்ப்பது அவசியம். ரிம்மின் உட்புறத்தில் கறுத்த கிரீஸ் வட்டமாகத் தெறித்திருந்தால் உறை கிழிந்துவிட்டது. மணல் உள்ளே போவதற்குள் மாற்றிவிட்டால் உறைக்கான செலவோடு போகும், தள்ளிப்போட்டால் ஆக்ஸிலையே வாங்க வேண்டிவரும்.